கட்டுதலும் பிணைத்தலும்: முன்வார்ப்புக் கட்டடங்களின் வலிமை

தமிழில் ‘கட்டு’ என்னும் வினைச்சொல் வீடு எழுப்புவதையும் குறிக்கும். கயிற்றால் பிணைப்பதையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டடமாகும். தூண், உத்திரம், சுவர், தளம் ஆகிய உறுப்புகளைத் தொழிற்சாலையில் வார்த்து, களத்திற்குக் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் ஏற்றிப் பொருத்துவதே இம்முறை. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980களிலிருந்து இதனைக் கையாண்டு வருகிறது.

மருந்தகங்கள் அடங்கிய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை இம்முறையில் எழுப்புவதாகக் கொள்வோம். முதற்பணி சுமைகளைக் கணக்கிடுவது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 டன் எடையுள்ளது. எனவே 200 மில்லிமீட்டர் தடிப்புள்ள தளம், ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோகிராம் எடையைத் தானே சுமந்து நிற்கிறது. மக்கள், மருத்துவக் கருவிகள், காற்றின் விசை ஆகியன அதற்குப் பின்னரே வருகின்றன. தன்னெடையை மறந்தால் விளைவது யாது? 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் உயிரிழந்தனர். அது முன்வார்ப்புக் கட்டடமன்று. எனினும், அதன் வடிவமைப்பில் கட்டடத்தின் தன்னெடை கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

அடுத்து, அச்சுமைகள் செல்லும் வழியை ஆராய்கிறோம். தளத்திலிருந்து உத்திரம், தூண், அடித்தளம் வழியாக அவை நிலத்தைச் சேர வேண்டும். களத்திலேயே வார்க்கப்படும் கட்டடத்தில் கம்பிகள் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்பிற்குள் தொடர்ந்து ஓடுகின்றன. முன்வார்ப்பிலோ ஒவ்வோர் உறுப்பும் தனித்தது. இணைப்புகளே அவற்றை ஒரு கட்டடமாக்குகின்றன.

இதனை உலகிற்கு உணர்த்தியது லண்டனின் ரோனன் பாயிண்ட். 22 மாடி கொண்ட அக்கட்டடத்தின் 18ஆம் மாடியில், 1968 மே 16 அன்று எரிவாயு வெடித்தது. மூலையிலிருந்த சுவர்ப்பலகைகள் வெளியே தள்ளப்பட்டன. தாங்குவாரற்ற மேல்மாடிகள் விழுந்தன. அவற்றின் வீழ்ச்சியைத் தாங்காது கீழ்மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நால்வர் இறந்தனர். சுமை தாங்கும் திறன் பலகைகளுக்கு இருந்தது. ஒன்று நீங்கியபின் மாற்றுவழி தரும் பிணைப்பு இல்லை. பின்னர் அக்கட்டடத்தைப் பிரித்தபோது, இணைப்புகள் பல செம்மையாக நிரப்பப்படாதிருந்தமையும் வெளிப்பட்டது.

ஆகவே இன்றைய பொறியாளர், ‘இத்தூண் நிற்குமா?’ என்பதோடு, ‘இத்தூண் இல்லாவிடில் மற்றவை நிற்குமா?’ என்றும் வினவுகிறார். தளங்களின் விளிம்பிலும் குறுக்கிலும் மேலிருந்து கீழாகவும் கட்டுக்கம்பிகளைத் தொடர்ச்சியாக அமைத்து, இணைப்பிடைவெளிகளைச் சாந்தால் முழுமையாக நிரப்பச் செய்கிறார்.

மருந்தகத்திற்கு வருவோருள் சக்கர நாற்காலியில் இருப்போரும் முதியோரும் உண்டு. அவர்களால் விரைந்து வெளியேற இயலாது. அவர்களைக் காப்பன, பூச்சுக்குள் மறைந்து கண்ணுக்குத் தோன்றாத அக்கட்டுகளே.