லோந்த்ரா நிலைத்தது, ரகூசா மறைந்தது

1340-ஐ ஒட்டி, பிளாரன்ஸ் நகரத்துப் பெகோலோத்தி வணிகர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். பார்தி வங்கியின் ஆளாக லண்டனிலும் சைப்ரஸிலும் வேலை பார்த்தவர் அவர். எந்த ஊரில் என்ன எடை, என்ன நாணயம் செல்லும் என்று சொல்லும் அந்த நூலில் லண்டன் ‘லோந்த்ரா’, பாரிஸ் ‘பரீஜி’, புரூஜ் ‘புருஜ்ஜா’. அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் முன்பே, மார்க்கோ போலோவின் நூலில் தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் ‘காயில்’ ஆகியிருந்தது. வணிகர் கால் பட்ட ஊர்களெல்லாம் அவர்கள் நாக்குக்கு இசைந்த பெயர் பெற்றன.

லோந்த்ராவும் பரீஜியும் இன்றும் இத்தாலியச் செய்திகளில் உயிரோடு இருக்கின்றன. லைப்சிக் ‘லிப்சியா’தான், பெய்ஜிங் ‘பெக்கினோ’தான். மியூனிக்கின் பெயர் ‘மோனாக்கோ’. மத்தியதரைக் கடலோரத்து மோனாக்கோவோடு குழம்பாமலிருக்க ‘பவேரியாவின்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் புருஜ்ஜா போய்விட்டது. பழைய பத்திரிகைகளில் வந்த ‘நுவோவா யார்க்’கும் போய், நியூயார்க் நிலைத்தது. ‘நுவோவா டெல்லி’ மட்டும் அசையவில்லை. இதற்கெல்லாம் விதி கிடையாது, பழக்கம்தான் தீர்மானிக்கிறது.

அட்ரியாட்டிக் கரையில் கதை வேறு. அங்கே பெயர் என்பது காயம். முதல் உலகப்போருக்குப் பின் இஸ்திரியா தீபகற்பமும் ஜாரா நகரமும் இத்தாலியின் கைக்கு வந்தன. பாசிச அரசு குரோவேஷிய, ஸ்லோவேனிய ஊர்ப்பெயர்களோடு நிற்காமல், குடும்பப் பெயர்களையும் இத்தாலியமாக மாற்றியது. 1947 பாரிஸ் உடன்படிக்கையில் அந்தப் பகுதிகளில் பெரும்பாலானவை யூகோஸ்லாவியாவுக்குப் போயின. இத்தாலிய மொழி பேசியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

தெற்கே, 1808 வரை தனிக் குடியரசாக இருந்த ரகூசாவை இன்று விடுமுறைக்குப் போகும் இத்தாலியர்கள் துப்ரோவ்னிக் என்றே சொல்கிறார்கள். ரகூசா என்றால் அவர்களுக்குச் சிசிலியில் உள்ள ஊர்தான். ஆனால் இஸ்திரியாவைவிட்டு வந்த குடும்பங்களுக்கு அங்கிருக்கும் பூலா நகரம் என்றைக்கும் போலாதான். பாட்டன் சொன்ன பெயரைப் பேரன் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பெயரையே சட்டம் போட்டு அடுத்தவர் வீட்டு வாசலில் எழுதியதுதான் அநியாயம்.

இன்று குரோவேஷியாவின் இஸ்திரியா மாவட்டத்தில் குரோவேஷியமும் இத்தாலியமும் ஆட்சிமொழிகள். பூலாவின் எல்லைப் பலகையில் பூலா, போலா என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன.