வந்தார் ‘லைட்இயர்’... பொம்மையின் கதை தெரியும், நாயகனின் கதை என்ன?

வெள்ளையும் பச்சையுமான விண்வெளி உடை, முதுகில் விரியும் இறக்கை, கையில் லேசர், முடிவிலிக்கு அப்பாலும் பறப்பேன் என்கிற மார்தட்டல்... ‘டாய் ஸ்டோரி’ பார்த்தவர்களுக்கு பஸ் லைட்இயரை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. அந்தப் பொம்மை எந்த வீரனின் சாயலில் செய்யப்பட்டதோ, அந்த வீரனின் கதையைச் சொல்ல 2022 ஜூன் 17 அன்று தியேட்டர்களுக்கு வந்தது பிக்ஸாரின் ‘லைட்இயர்’.

2020 டிசம்பரில் டிஸ்னி இந்தப் படத்தை அறிவித்தபோது எல்லோருக்கும் ஒரே குழப்பம். ‘பொம்மைக்கு ஏது ஃப்ளாஷ்பேக்?’ என்று ரசிகர்கள் தலையைச் சொறிய, லைட்இயருக்குக் குரல் கொடுக்கும் கிறிஸ் எவான்ஸே ட்விட்டரில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இது பொம்மை லைட்இயரின் கதை அல்ல. அந்தப் பொம்மைக்கு மூலமான மனித லைட்இயரின் கதை என்றார் அவர்.

இன்னும் எளிமையாகப் படக்குழு சொல்லும் கணக்கு இது. 1995-ல் வந்த முதல் ‘டாய் ஸ்டோரி’யில் ஆண்டி என்ற சிறுவனுக்குப் பிறந்தநாள் பரிசாக லைட்இயர் பொம்மை கிடைக்கும். அந்தப் பொம்மைமேல் அவனுக்கு ஏன் அவ்வளவு பித்து? அவன் ஒரு சினிமா பார்த்தான், அதன் நாயகன்தான் லைட்இயர். ஆண்டி பார்த்த அந்த சினிமாதான் இந்தப் படம். கதைக்குள் இருந்த ஒரு கதையை வெளியே எடுத்து வந்தார்கள்.

பொம்மை ஏன் பிடித்தது?

எதிர்பார்ப்பும் பயமும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. லைட்இயரை நமக்குப் பிடித்ததற்குக் காரணம் அவர் பெரிய வீரர் என்பது அல்ல. தன்னைப் பெரிய வீரர் என்று நம்பிக்கொண்டிருந்த பொம்மை என்பதுதான்.

வேறு கிரகத்தில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்து, கட்டில்மேல் நின்றுகொண்டு தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பும் காட்சியில் நாம் சிரித்தோம். பிறகு, பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் மாட்டிக்கொண்டபோது, டி.வி-யில் ஓடும் விளம்பரத்தில் தன்னைப் போலவே வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் பொம்மைகளைப் பார்ப்பார். தான் பறக்க முடியாத வெறும் பொம்மை என்று அந்த நொடியில் புரியும். அப்போதும் நம்பாமல் மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து குதித்து, கை கழன்று தரையில் கிடப்பார். சிரித்துக்கொண்டிருந்தவர்களைச் சட்டென்று மௌனமாக்கிய காட்சி அது.

புதிய படத்தில் அந்த வழி இல்லை. இதில் லைட்இயர் நிஜமாகவே விண்வெளி வீரர். அவரிடம் இருப்பது நிஜ லேசர், நிஜ ராக்கெட். அப்படியென்றால், பொம்மையை அழகாக்கிய அந்த உடைந்துபோகும் தருணத்துக்குப் பதிலாக இந்தப் படம் எதை வைத்திருக்கிறது? ‘லைட்இயர்’ ஜெயிக்குமா என்பதை முடிவு செய்யப்போவது இந்தக் கேள்வியின் பதில்தான்.

ட்ரெய்லர் தரும் துப்பு

பதிலுக்கான துப்பு ட்ரெய்லரிலேயே இருக்கிறது. பூமியிலிருந்து 42 லட்சம் ஒளியாண்டு தொலைவில் ஆபத்தான ஒரு கிரகத்தில் லைட்இயரும் அவருடைய குழுவினரும் சிக்கிக்கொள்கிறார்கள். எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அசுர வேக விமானத்தில் சோதனை ஓட்டம் செல்கிறார் லைட்இயர். அவருக்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. திரும்பி வந்தால், தரையில் இருப்பவர்களுக்கு வருடங்கள் ஓடிவிட்டன.

‘இன்டர்ஸ்டெல்லார்’ பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணிப்பவருக்கு நேரம் மெதுவாக நகரும் என்ற ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடுதான் இங்கே அடிப்படை. ஆனால், இந்த விஞ்ஞானத்தைவிட முக்கியமானது ஒரு குடும்பப் பெயர்.

லைட்இயரின் நெருங்கிய தோழியும் கமாண்டருமான அலிஷா ஹாத்தார்னுக்குக் குரல் கொடுத்திருப்பவர் உஸோ அடூபா. பின்னால் லைட்இயரோடு சேரும் இளம் வீராங்கனை இஸ்ஸி ஹாத்தார்னுக்குக் குரல் கொடுத்திருப்பவர் கெகெ பால்மர். அலிஷா பாட்டி, இஸ்ஸி பேத்தி. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற தோழியின் பேத்தி, இன்று தன்னோடு சரிசமமாக நிற்கிறாள் என்றால், லைட்இயர் தவறவிட்டது எத்தனை பிறந்தநாள், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு?

‘டாய் ஸ்டோரி’யின் லைட்இயர், தான் யார் என்று தெரியாமல் தவித்தார். ‘லைட்இயர்’ படத்தின் லைட்இயர், வேலையை முடித்தே தீருவேன் என்ற பிடிவாதத்தில் வாழ்க்கையைத் தொலைத்தவராக இருக்கலாம். படம் இந்தப் பாதையில் போனால், சாகசக் காட்சிகளைத் தாண்டியும் மனதில் நிற்கும். வேலை வேலை என்று ஓடி, குழந்தை வளர்ந்ததைக் கவனிக்காமல்விட்ட எந்த அப்பா அம்மாவுக்கும் அது உறைக்கும்.

ஸர்க் யார்?

படம் வருவதற்கு முன் ரசிகர்களின் ஊகப் பட்டியலில் முதல் இடம் வில்லன் ஸர்க்குக்குத்தான் இருந்தது. 1999-ல் வந்த ‘டாய் ஸ்டோரி 2’-ல் பொம்மை ஸர்க், ‘நான்தான் உன் அப்பா’ என்று பொம்மை லைட்இயரிடம் சொல்லும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைக் கிண்டல் செய்த காட்சி அது. பொம்மைகள் சொல்வது சினிமாவிலிருந்து வந்தது என்றால், சினிமாவிலும் ஸர்க் அப்பாவாகத்தானே இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். காலத்தோடு விளையாடும் கதை என்பதால், ஸர்க் எதிர்காலத்திலிருந்து வரும் தெரிந்த முகமாக இருக்கலாம் என்பது இன்னொரு தரப்பின் ஊகம். ட்ரெய்லரில் பிரமாண்ட ரோபோவாக வந்து மிரட்டும் ஸர்க்குக்குக் குரல், மூத்த நடிகர் ஜேம்ஸ் ப்ரோலின்.

இன்னொரு பக்கம், ட்ரெய்லரில் வரும் ரோபோ பூனை சாக்ஸ் படம் வருவதற்கு முன்பே குழந்தைகளைக் கவர்ந்துவிட்டது. அதற்குக் குரல் கொடுத்திருக்கும் பீட்டர் சோன், பிக்ஸாரின் ‘தி குட் டைனோசர்’ படத்தை இயக்கியவர்.

குரல் மாறியது சரியா?

அதுவரை வந்த நான்கு ‘டாய் ஸ்டோரி’ படங்களிலும் லைட்இயரின் குரலாக இருந்தவர் டிம் ஆலன். அவர் இல்லாமல் எப்படி என்ற வருத்தம் பழைய ரசிகர்களிடம் நிறையவே இருந்தது. டிம் ஆலனின் குரல் பொம்மையின் குரல், இது வேறு கதாபாத்திரம் என்பது படக்குழுவின் பதில்.

லைட்இயருக்குக் குரல் மாறுவது இது முதல்முறையும் அல்ல. 2000-ல் அமெரிக்க டி.வி-யில் வந்த ‘பஸ் லைட்இயர் ஆஃப் ஸ்டார் கமாண்ட்’ கார்ட்டூன் தொடரில் லைட்இயராகப் பேசியவர் பேட்ரிக் வார்பர்டன். பொம்மைக்கு வெளியே லைட்இயருக்கு ஒரு கதை வேண்டும் என்ற ஆசை 2000-லிருந்தே இருந்தது என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி.

இயக்குநர் ஆங்கஸ் மேக்லேனும் இந்த உலகத்துக்குப் புதியவர் அல்ல. ‘ஃபைண்டிங் டோரி’யின் இணை இயக்குநரான அவர், லைட்இயர் வரும் ‘ஸ்மால் ஃப்ரை’ குறும்படத்தையும், ‘டாய் ஸ்டோரி ஆஃப் டெரர்’ டி.வி சிறப்புப் படத்தையும் இயக்கியவர். பொம்மையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம்தான் மனிதனை ஒப்படைத்திருக்கிறார்கள்.

முன்கதைகள் கற்றுத்தந்த பாடம்

பிரபலமான கதாபாத்திரத்தைத் தனியே பிரித்து முன்கதை சொல்வது அனிமேஷன் உலகில் பழகிய வழிதான். ‘ஷ்ரெக் 2’-ல் அறிமுகமான பூனை, 2011-ல் ‘புஸ் இன் பூட்ஸ்’ ஆனது. ‘டெஸ்பிகபிள் மீ’யில் ஓரமாக நின்று சிரிக்கவைத்த மினியன்கள், 2015-ல் தனிப்படமாக வந்து 100 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தார்கள். ஆனால், அதற்கு முந்தைய வருடம் வந்த ‘பெங்குவின்ஸ் ஆஃப் மடகாஸ்கர்’ எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. கதாபாத்திரம் பிடித்தாலே தனிப்படமும் ஓடிவிடும் என்று சொல்லிவிட முடியாது.

பிக்ஸாரின் சொந்த வீட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2013-ல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி’. குழந்தைகளைப் பயமுறுத்துவதில் முதலிடம் பிடிக்க வேண்டும் என்று கனவு காணும் மைக், எவ்வளவு படித்தாலும் தன்னால் யாரையும் பயமுறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் கதை. தெரிந்த பாத்திரத்துக்கு நமக்குத் தெரியாத ஒரு தோல்வி இருந்தது என்று காட்டியதால்தான் அந்த முன்கதைக்கு அர்த்தம் கிடைத்தது. லைட்இயருக்கும் அப்படி ஒரு தோல்வி தேவை. இறக்கை எப்படி வந்தது, லேசர் எப்படி வந்தது என்று சொல்வது மட்டுமே கதையாகிவிட்டால், அது இரண்டு மணி நேரப் பொம்மை விளம்பரமாக முடியும்.

தியேட்டருக்குத் திரும்புமா குடும்பம்?

இந்தப் படத்தின் தோளில் இன்னொரு சுமையும் இருந்தது. 2020 மார்ச்சில் ‘ஆன்வர்டு’ வெளியான கையோடு கொரோனா தியேட்டர்களை மூடியது. அதன்பின் வந்த ‘சோல்’, ‘லூகா’, ‘டர்னிங் ரெட்’ மூன்றையும் டிஸ்னி நேராக ஓ.டி.டி-க்குக் கொண்டுவந்தது. ஆஸ்கர் வென்ற ‘சோல்’ படத்தையே நம்மில் பலர் வீட்டு சோஃபாவில் அமர்ந்துதான் பார்த்தோம். இரண்டு வருடங்களுக்குப் பிறகு தியேட்டருக்கென்றே வந்த பிக்ஸார் படம் ‘லைட்இயர்’. ஐமேக்ஸ் திரைக்கென்றே சில காட்சிகளையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

பிக்ஸார் படம் என்றால் ‘கொஞ்ச நாளில் மொபைலிலேயே வந்துவிடும்’ என்று பழகிவிட்ட குடும்பங்களை மீண்டும் டிக்கெட் எடுக்க வைப்பது சாதாரண வேலை அல்ல. இரண்டே வாரத்தில், ஜூலை 1 அன்று ‘மினியன்ஸ்: தி ரைஸ் ஆஃப் க்ரூ’வும் போட்டிக்கு வந்தது. அதுவும் ஒரு முன்கதைதான்.

1995-ல் எட்டு வயதில் ‘டாய் ஸ்டோரி’ பார்த்தவர்களுக்கு 2022-ல் 35 வயது. அவர்கள் வீட்டிலும் எட்டு வயதில் ஒரு வாண்டு இருக்கலாம். அந்த வாண்டுக்கு சாக்ஸ் பூனையும் ராக்கெட்டும் போதும். பக்கத்துச் சீட்டில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ தேடப்போவது, மாடிப்படியிலிருந்து விழுந்து கை கழன்று கிடந்த அந்தப் பழைய பொம்மையை. இருவருக்கும் வேண்டியதை ஒரே படத்தில் தர முடிந்தால், லைட்இயர் இன்னொரு தலைமுறைக்கும் பறப்பார்!