மௌத்துக்குப் பின் வந்த பென்ஷன்

2016 ஏப்ரல் 30ஆம் திகதி எனது வாப்பா மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழமைபோல மூத்த மகன் என்ற முறையில் எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு" என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு 1,500 ரூபா, மற்றவருக்கு இரண்டு மூடை சீமெந்தின் விலை. அந்த வாரமே கொடுத்து முடித்தேன். மூன்றாவதாக அரசாங்கம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

வந்தது 2018இல், பதிவுத் தபாலில். வாப்பா இறந்த பிறகு ஐந்து மாதப் பென்ஷன், மாதம் 32,450 வீதம் 162,250 ரூபா, மிகையாகச் செலுத்தப்பட்டிருக்கிறது, அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று உம்மாவின் பெயருக்குக் கடிதம். உம்மா அன்று பகல் சாப்பிடவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 34 வருடம் அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்த மனிதர். கடைத்தெருவில் ஒரு நண்பர், "கிழித்துப் போடுங்கள் ஹாஜியார், அரசாங்கம் என்ன செய்யும்?" என்றார். இன்னொருவர், "உடனே கட்டிவிடுங்கள், மையித்தின் கழுத்தில் கடன் இருக்கக் கூடாது" என்றார். இரண்டு பேச்சிலும் கணக்கு இல்லை. மொத்த வியாபாரி பில் அனுப்பினால் சரக்கு வந்ததா என்று பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லையே. அரசாங்கத்தின் பில்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வங்கிக்குப் போய் அந்த வருடத்துக் கணக்குக் கூற்றை எடுத்தேன். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் 10ஆம் திகதி பென்ஷன் வரவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளுக்குள் ஏ.டி.எம். அட்டையால் எடுக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களுக்கு வரவு இல்லை. காரணம், ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேறு ஒரு வேலையாக வங்கிக்குப் போன நான் மரணச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்திருந்தேன். வங்கி கணக்கை நிறுத்தி, பிறகு வந்த இரண்டு மாதப் பணத்தையும் திருப்பி அனுப்பியிருந்தது. பிரதேச செயலகத்தின் கோவையில் ஐந்து மாதம் அனுப்பியது இருந்தது, இரண்டு மாதம் திரும்பியது இல்லை. ஆக, கேட்ட தொகையில் 64,900 ரூபா எங்களிடம் வரவே இல்லாத பணம்.

மீதி 97,350 ரூபா? அது வந்தது, செலவானது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

தவறு எங்கள் வீட்டில்தான். உம்மா இத்தாவில் இருந்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்த பிறகு உம்மாவே நேரில் போய் அறிவிக்க வேண்டும் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மரணச் சான்றிதழின் பிரதியையும் வாப்பாவின் பென்ஷன் அட்டையையும் எந்தப் பிள்ளையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். விதவைப் பென்ஷன் விண்ணப்பத்துக்குத்தான் உம்மாவின் கையொப்பம் தேவை. வங்கிக்குச் சொன்னால் பிரதேச செயலகத்துக்கும் சொன்ன மாதிரி என்று நான் நினைத்தது இன்னொரு தவறு. இரண்டும் இரண்டு கந்தோர்.

அட்டை தம்பியிடம் இருந்தது. வாப்பா நடக்க முடியாமல் இருந்த காலத்தில் இருந்து அவன்தான் பணம் எடுத்துக் கொடுப்பான். அதையே தொடர்ந்து செய்து வீட்டுச் செலவுக்கும் கத்தம் சாப்பாட்டுக்கும் கொடுத்திருக்கிறான். களவு என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. கடையில் ஐந்து ரூபா குறைந்தாலும் இரவு பதினொரு மணி வரை தேடும் நான், அந்த மூன்று மாதமும் வீட்டுச் செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

அடுத்தது யார் கட்டுவது என்ற பிரச்சினை. ஒரு மச்சான் சொன்னார், வாப்பாவின் கடன்தானே, சொத்தில் இருந்து எடுப்போம், பங்கின்படி எல்லோருக்கும் குறையட்டும் என்று. கேட்க நியாயமாக இருந்தது. மௌலவி ஒருவரிடம் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: "மௌத்தான மனிதர் எப்படி மே மாதத்தில் கடன் வாங்குவார்?" மௌத்தான நாளோடு வாப்பாவின் ஹக் முடிந்தது. அதற்குப் பின் கணக்கில் விழுந்தது அவருடைய பொருளும் அல்ல, அனந்தரச் சொத்தும் அல்ல, அவருடைய கடனும் அல்ல. எடுத்துச் செலவழித்தவர்கள்தான் பொறுப்பு. கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருக்கும் தங்கைமார் இருவரும் அந்தப் பணத்தில் ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை. அவர்களின் பங்கில் ஏன் கழிக்க வேண்டும்? நானும் தம்பியும் கட்டுவதென்று முடிவானது. தம்பியின் வருமானம் எனக்குத் தெரியும், பெரும்பகுதியை நான் ஏற்றேன்.

பிரதேச செயலகத்தில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். உம்மாவுக்கு வரவேண்டிய விதவைகள் அநாதைகள் பென்ஷன் நிலுவையில் முழுத் தொகையையும் கழித்துவிடலாம், இந்தக் கடிதத்தில் உம்மா ஒப்பமிட்டால் போதும், கையில் இருந்து காசு கொடுக்கத் தேவையில்லை என்றார். இங்கேதான் பலரும் ஒப்பமிட்டுவிடுகிறார்கள். அந்த நிலுவை 2016 மே முதலாம் திகதியில் இருந்து உம்மாவின் சொந்த உரிமை. வாப்பா சேவையில் இருந்த காலமெல்லாம் சம்பளத்தில் அதற்காகக் கழித்திருக்கிறார்கள். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய ஏற்பாடு அது, யாரும் போட்ட பிச்சை அல்ல. ஒப்பமிட்டிருந்தால் வராத 64,900 ரூபாவும் சேர்ந்து போயிருக்கும்.

அந்த நிலுவை இரண்டு வருடம் தங்கி நின்றதற்கு வேறு காரணம். உம்மாவின் பெயர் விவாகப் பதிவில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். "உம்மா" என்ற சொல் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை உண்டு. ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பதற்குள் எத்தனை நடை! கணவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய காரியம் இது.

வங்கிக் கூற்றின் பிரதியை இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பணம் மறுத்தோ மன்னிப்புக் கேட்டோ எழுதவில்லை. மூன்று மாதத்துக்குரியதை ஏற்கிறோம், இரண்டு மாதத்துக்குரியது வங்கியால் திருப்பப்பட்டது, சரிபார்த்துத் திருத்திய தொகையை எழுத்தில் தாருங்கள், மூன்று தவணையில் கட்டுகிறோம் என்று மட்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து 97,350 ரூபா என்று திருத்திய கடிதம் வந்தது. மூன்று தவணையும் கட்டிய பற்றுச்சீட்டுகள் வாப்பாவின் பென்ஷன் கோவையில் இருக்கின்றன. உம்மாவின் நிலுவை ஒரு சதமும் குறையாமல் அவருடைய கணக்குக்கு வந்தது.

சென்ற வருடம் எங்கள் பக்கத்துக் கடைக்காரரின் உம்மா, ஓய்வுபெற்ற தாதி, மௌத்தானார். மரணச் சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே அவரையும் ஏற்றிக்கொண்டு வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு வந்தோம். ஏ.டி.எம். அட்டையையும் வங்கியிலேயே ஒப்படைத்தார். அடுத்த 10ஆம் திகதி கணக்கில் எதுவும் விழவில்லை.