அபாயக் குரலும் அனுமதிப் பத்திரமும்

அண்மையில் மேல் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினா விடுத்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நகரத்தின் பொலிஸ் படையோ தீயணைப்புப் படையோ வானொலிக் கருவியிற் பேசவேண்டுமாயின், முன்னரே அரசாங்கத்திடம் விண்ணப்பித்து அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். "தீயை அணைக்கப் போகிறவர்களும் அனுமதி கேட்டு நிற்கவேண்டுமா ஐயா? தீ அனுமதி கேட்டுக்கொண்டா எரிகிறது?" என்றான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை, வினா நல்ல வினாவாகவே எமக்குத் தோன்றியது. அதற்குரிய விடையை வகுப்பறையிற் சில வாக்கியங்களிற் கூறி முடித்தல் இயலாமையின், இம்மலரில் விரித்துரைக்கத் துணிந்தோம். அமெரிக்க நாட்டு விதிகளையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். மாணவன் வினாவியது அவற்றைப் பற்றியே என்பது ஒரு காரணம். அவ்விதிகள் எவ்வெத் துயரங்களின் பின் எழுந்தன என்பது அந்நாட்டு வரலாற்றில் நன்கு துலங்குவது மற்றொரு காரணம்.

முதலில் வானொலி அலையின் இயல்பை அறிதல் வேண்டும். அலைகள் கண்ணுக்குப் புலனாகாதவை. ஆயினும் அளவற்றவை அல்ல. ஓரிடத்தில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே தெளிவாகப் பேசலாம். இருவர் ஒருங்கே பேசின், வலிய கருவியின் குரல் மெலிய கருவியின் குரலை அமிழ்த்திவிடும். அன்றேல் இரண்டும் கலந்து வெறும் இரைச்சலாகும். எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு முறை என்று வகுத்திராவிடின், எல்லோரும் ஒருநாளில் இறைத்துக் கிணறு வற்றும். எவர் பயிரும் நனையாது. ஆனால், அயல்வீட்டுக் கூரை தீப்பற்றினால் முறை பார்ப்பவர் எவரும் இலர். முறையும் வேண்டும், அபாயத்தின்போது அம்முறை வழிவிடவும் வேண்டும் என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே எழுத்தில் அமைக்கும் முயற்சியே வானொலி அனுமதி விதிகள் எனலாம்.

இம்முயற்சிக்கு வித்திட்டது ஒரு கடற்பேரிடர். 1912ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் திகதி இரவு, டைற்றானிக் என்னும் பெருங்கப்பல் வட அத்திலாந்திக் சமுத்திரத்திற் பனிமலையுடன் மோதியது. அதற்குச் சற்று முன், அண்மையில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர், பனிக்கட்டிகள் சூழ்ந்திருப்பதை அறிவிக்க முயன்றார். டைற்றானிக்கின் தந்தியாளரோ பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைநிலையத்துக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்தமையால், அவரைப் பேசாதிருக்கும்படி பணித்தார். கலிபோர்னியனில் இருந்தவர் அவர் ஒருவரே. அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். பின்னர் எழுந்த அபாயக் குறிகளை அக்கப்பலிற் கேட்பார் இலர். சுமார் 1,500 பேர் மாண்டனர். மறுநாளோ, கப்பல் பத்திரமாக இழுத்துவரப்படுகின்றது என்னும் பொய்ச் செய்தியும் பரவி, உற்றாரை ஏமாற்றியது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதியே அமெரிக்காவில் வானொலிச் சட்டம் நிறைவேறியது. அனுமதிப் பத்திரம் இன்றி எவரும் கருவியை இயக்கலாகாது என்றும், அபாயச் செய்திக்கு ஏனைய யாவும் வழிவிடுதல் வேண்டும் என்றும் அது விதித்தது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. விண்ணப்பித்தவருக்குப் பத்திரத்தை மறுக்கவோ, அவரை ஓர் அலைவரிசையில் நிறுத்திவைக்கவோ வர்த்தக அமைச்சருக்கு அதிகாரம் இல்லை என நீதிமன்றங்கள் தீர்த்தன. 1926ஆம் ஆண்டின் தீர்ப்பின் பின் நிலையங்கள் தாம் விரும்பிய அலைவரிசைக்குத் தாவின. நாடெங்கும் இரைச்சல் மலிந்தது. அதனைத் திருத்த 1927இல் புதுச் சட்டமும், 1934இல் இன்றுவரை நிலவும் தொடர்பாடற் சட்டமும் எழுந்தன. பின்னைய சட்டத்தினாலே தோன்றியதே சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளித்தல் அவ்வாணைக்குழு அமைந்ததன் நோக்கங்களுள் ஒன்று எனச் சட்டத்தின் முதற் பிரிவே கூறுகின்றது.

விதிகள் நிலைமைக்கு ஏற்ப அமையாவிடின் எத்துணை நகைப்புக்கு இடமாகும் என்பதற்கு டிற்றோயிற் நகரப் பொலிஸாரின் கதை சான்று. 1921ஆம் ஆண்டளவில் அவர்கள் காவல் மோட்டார் வண்டிகளுக்கு வானொலியாற் செய்தி அனுப்பும் பரிசோதனையைத் தொடங்கினர். அக்காலத்திற் பொலிஸ் வானொலி எனத் தனிவகை அனுமதி இல்லை. ஆகவே களிப்பூட்டும் நிலையமாகவே பத்திரம் பெற்று, இசை நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி, அவற்றின் இடையிடையே களவுபோன வண்டிகளின் விபரத்தைச் சொல்லவேண்டியவர் ஆயினர். கள்வன் ஓடிக்கொண்டிருக்க, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடர்கள் பலவற்றைத் தாண்டி, 1928ஆம் ஆண்டு ஏப்ரில் 7ஆம் திகதியே அவர்களின் ஒழுங்கான சேவை தொடங்கியது. அன்றும் நிலையம் பேசும், வண்டி கேட்கும். வண்டியிலிருந்து மறுமொழி கூறும் வசதி பின்னரே வந்தது.

இனி இன்றைய விதிகளை நோக்குவோம். மாநிலம், மாவட்டம், நகரம் ஆகியவற்றின் பொலிஸ், தீயணைப்பு, மருத்துவ அவசர சேவை, பெருந்தெரு, வனப் பாதுகாப்பு முதலிய பகுதியினர் பொதுப் பாதுகாப்பு அலைவரிசைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பகுதிகளுக்கு அலைவரிசை வகுப்பது வேறோர் அலுவலகம். விண்ணப்பம் ஆணைக்குழுவைச் சேருமுன், அலைவரிசை இணைப்பாளர் எனப்படுவோரிடம் செல்லுதல் வேண்டும். இவர்கள் அத்துறைகளிற் பழகிய சங்கத்தினர். அயலில் யார் எந்த வரிசையிற் பேசுகின்றனர், புதியவர் பேசினால் எவருக்கு இடையூறு நேரும் என ஆராய்ந்து, தக்க வரிசையைச் சுட்டிக்காட்டுவது அவர் பணி.

பின் ஆணைக்குழு வழங்கும் பத்திரத்தில் அலைவரிசை, வலு, வானலைக் கம்பத்தின் இடமும் உயரமும், இயக்கக்கூடிய கருவிகளின் தொகை என்பன குறிக்கப்படும். ஓர் அழைப்புக் குறியும் உண்டு. பேசுவோர் யார் என அறியும்பொருட்டு அதனைக் குறித்த காலவளவிற் கூறுதல் வேண்டும். பத்திரத்தின் ஆயுள் பத்தாண்டு. பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுள் நிலையத்தை அமைத்து இயக்காவிடிற் பத்திரம் தானே இறந்துபடும். தேவையற்றவர் இடத்தைப் பிடித்துவைத்துத் தேவையுடையவரை வெளியே நிறுத்தலாகாது என்பதே இதன் கருத்து.

பேசும் முறைபற்றிய விதிகள் தமிழ் படிப்பார்க்குப் புதியன அல்ல. பேசுமுன் அலைவரிசையிற் செவிகொடுத்துக் கேள்; இன்றியமையாத அளவே பேசு; உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து எனின் யாவரும் வழிவிடுக. ஆணைக்குழுவின் விதிநூலில் இம்மூன்றும் வெவ்வேறு வாசகங்களாக உள்ளன. திருக்குறளிற் கேள்வி என்றும் பயனில சொல்லாமை என்றும் அதிகாரங்கள் அமைந்திருத்தலை மாணவர் அறிவர். அங்கே அறமாகக் கூறப்பட்டது இங்கே சட்டமாகக் கூறப்படுகின்றது.

இடமோ குறுகியது, கேட்பாரோ பெருகினர். ஆதலின் 150 முதல் 174 வரையும், 421 முதல் 470 வரையும் உள்ள மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில், 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்திற் பேசிவந்தோர் யாவரும் 2013ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிக்குள் 12.5 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு ஒடுங்குமாறு ஆணைக்குழு பணித்தது. ஒரு பாதையை இரண்டாக வகுத்தது போன்றது இது. 800 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் வேறோர் இடர் நேர்ந்தது. வர்த்தகத் தொலைபேசிக் கம்பங்களின் அருகே சென்றபோது பொலிஸ், தீயணைப்புக் கருவிகள் செய்தியை இழந்தன. இருசாராரையும் பிரித்துக் குடியேற்ற 2004இல் எழுந்த கட்டளை முற்றாக நிறைவேற 2021ஆம் ஆண்டு வரை சென்றது.

எனினும், தத்தமக்கெனத் தனித்தனி வரிசை பெற்றிருத்தல் மட்டும் போதாது என்பதை 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி உலகம் கண்டது. நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்களுள் தென்கோபுரம் காலை 9.59க்கு வீழ்ந்தது. வடகோபுரமும் வீழக்கூடும் என்பதை வானிற் சுற்றிய பொலிஸ் ஹெலிகொப்டர்கள் தம் பொலிஸ் வரிசையில் அறிவித்தன. அக்கோபுரத்தின் உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் கருவிகளோ வேறு வரிசையில் இருந்தன. அவர்களின் சொந்த வரிசையிலும் பலர் ஒருங்கே பேசியமையால் குரல்கள் மோதின. 10.28க்கு வடகோபுரமும் வீழ்ந்தது. அன்று 343 தீயணைப்பு வீரர் உயிர் நீத்தனர். வானொலிக் குறை ஒன்றே காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. வெளியேறும் கட்டளையைக் கேட்டும் சகாக்களுக்காகவும் பிறருக்காகவும் தாமதித்தோர் இருந்தனர். ஆயினும் ஒரு வரிசையில் ஒலித்த எச்சரிக்கை மறுவரிசையினரை எட்டவில்லை என்பது உண்மை.

இதனால், வெவ்வேறு படையினர் ஒன்றுகூடிப் பேசுதற்குரிய பொது வரிசைகளின் தேவை முன்னிலும் வலுவாக உணரப்பட்டது. தக்க பத்திரம் உடைய படையினர், நாடு முழுவதற்கும் பொதுவான இவ்வரிசைகளிற் கைக்கருவியாலும் வண்டிக் கருவியாலும் பேச வேறு பத்திரம் பெறவேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறைவேறிய சட்டம் ஒன்று, பொதுப் பாதுகாப்புப் படையினர்க்கென நாடளாவிய செய்தி வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்த 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹேர்ட்ஸ் இடத்தையும் 700 கோடி டொலரையும் ஒதுக்கியது.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2021ஆம் ஆண்டு ஜூலையில் ஐடாகோ மாநிலக் காட்டில் தீ மூண்டபோது, பொழுதுபோக்கு வானொலியாளர் ஒருவர், தீயணைப்போரின் அலைவரிசையிற் புகுந்து, தாம் அறிந்த அபாயங்களை விமானங்களுக்குச் சொல்லலானார். உதவி செய்வதே தம் கருத்து என்றார். தீயணைப்புப் பணிக்குப் பொறுப்பானவர் தம் வேலையை விட்டு, அவரைத் தேடிச் சென்று நிறுத்தச் சொல்ல நேர்ந்தது. 2022இல் ஆணைக்குழு அவருக்கு 34,000 டொலர் அபராதம் விதிக்க உத்தேசித்தது. நல்லெண்ணம் உடையவர்க்கும் இத்துணைத் தண்டமா என நெஞ்சம் இரங்கும். ஆயினும், அவர் பேசிய அக்கணத்தில் விமானி ஒருவன் கேட்டிருக்கவேண்டிய சொல் எதுவோ? அது அமிழ்ந்திருந்தால் அவன் கதி யாதோ? இவ்வாறு எண்ணிப் பார்ப்பின் விதியின் கடுமை விளங்கும்.

இப்பொழுது எம் மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். தீ அனுமதி கேட்டு எரிவதில்லை, உண்மை. அதனாலேயே, தீ மூளுமுன் அனுமதி பெற்று வைத்தல் வேண்டும். அனுமதிப் பத்திரம் பேசுவதற்கு உரிமை தருவது எனப் பலரும் எண்ணுவர். நாம் ஆராய்ந்த அளவில், அது பெரும்பாலும் பேசாதிருத்தற்கு எழுதிய உடன்படிக்கை. ஒருவன் உயிருக்குப் போராடி அழைக்கும் கணத்தில், பல்லாயிரவர் தம் கருவிகளை வாய்மூடி வைத்திருப்பதனாலேயே அவன் குரல் செவியில் விழுகின்றது.

பல துறைகளிலும் பதவி வகிக்கும் எம் பழைய மாணவருட் பொலிஸ் சேவையிலும் மருத்துவத்திலும் தொலைத்தொடர்பிலும் பணியாற்றுவோர், தம் மேசைக்கு வரும் வறண்ட விதிகளைக் காணுந்தோறும், இவ்விதியால் எங்கோ ஒரு குரல் காக்கப்படுகின்றதா என வினாவுவாராக. வகுப்பில் இருக்கும் இளையோரும், அடங்கிக் கேட்டலும் ஓர் உதவியே என்பதை உணர்வாராக.