வாளித் தண்ணீரில் மூச்சுத் திணறிய புதினா

மே மாதம், மதியம் மூன்று மணி. மேல்சித்தாமூரில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் இருந்த கறுப்பு வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூடியில் துளைபோட்டு நட்டிருந்த புதினா தலை தொங்கிக் கிடந்தது. கீழே, வெள்ளை நூல்கொத்தாகத் தொங்க வேண்டிய வேர், டீத்தூள் நிறத்தில் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வேரை விரலால் லேசாக இழுத்தேன். மேல்தோல் உறையாகக் கழன்று கையோடு வந்தது. உள்ளே மயிரிழைபோல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. தண்ணீரில் சாக்கடை வாடை.

“தண்ணியிலேயேதான் நிக்குது. அப்பவும் வாடுதே, என்னாப்பா இது?” என்றார் அத்தை.

மண்ணில்லாமல் கீரை வளர்க்க ஆசைப்படும் எல்லோரும் முதல் கோடையில் கேட்கிற கேள்வி இது. வேரின் வேலை தண்ணீர் குடிப்பது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை இதற்குப் பதில் கிடைக்காது. இலை வெயிலில் சமைத்து அனுப்பும் சர்க்கரையை வேர் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் தன் பிழைப்பை நடத்துகிறது. உப்புச் சத்துகளை உள்ளே இழுப்பதும், தண்ணீருக்கு வழிவிடுவதும் அந்தச் சக்தியில்தான். ஆக்சிஜன் தீர்ந்தால் வேர் தண்ணீருக்கும் கதவைச் சாத்திவிடும். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும்.

தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் மேல்சித்தாமூர். செடிகொடிகளை ஓரறிவுயிர் என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த வீடுகள் இங்கே உண்டு; அத்தை அப்படி வளர்ந்தவர். அதனால் வேருக்கும் மூச்சு உண்டு என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “அதான் பம்பு போட்டிருக்கேனே” என்றார். அங்கேதான் கதையே இருக்கிறது.

அதற்குமுன் ஒரு வயல் காட்சி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வயல்கள் ஏரிகளாயின. இப்படி வெள்ளம் தேங்கும்போது மணிலாவோ உளுந்தோ ‘அழுகிப்போச்சு’ என்கிறோம். அழுகல் பிறகு வருவது. முதலில் நடப்பது மூச்சடைப்பு. மண்ணின் இண்டு இடுக்கில் இருந்த காற்றையெல்லாம் தண்ணீர் வெளியேற்றிவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நகரும். மேலே ஆகாயம் முழுக்கக் காற்றிருந்தும் அரையடி கீழே இருக்கும் வேருக்கு அது போய்ச் சேராது.

பக்கத்து வயலில் நெல் மட்டும் எப்படித் தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துகிறது? நெல்லுக்குள் இலையிலிருந்து வேர்வரை காற்றறைத் திசு என்ற குழாய்கள் ஓடுகின்றன. இலை வழியே காற்று இறங்கி வேருக்குப் போகிறது. பயிர் முழுக்க மூழ்கி அந்தக் குழாயின் வாய் தண்ணீருக்கடியில் போய்விட்டால் நெல்லும் தவிக்கும். பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்களைப் பார்த்தவர்களுக்குச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்கள் நினைவிருக்கும். அவையும் இந்த வேலைக்குத்தான். வள்ளைக்கீரையின் தண்டு குழலாக இருப்பதும் இதனால்தான். புதினாவுக்கும் பாலக் கீரைக்கும் தண்ணீரில் வாழப் போதுமான குழாய் கிடையாது. அந்தக் குழாய்க்குப் பதிலாக நாம் கடையில் வாங்கி வைப்பதுதான் ஏர் பம்ப்.

அத்தை வாங்கியது மீன் தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டார். அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மோட்டார் என்று எதுவும் இருக்காது. ஒரு கம்பிச்சுருள், எதிரே ஒரு தகட்டுக் கையின் முனையில் சின்னக் காந்தம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுவதால் காந்தமும் நொடிக்கு 50 தடவை இழுபட்டுத் தள்ளப்படுகிறது. அந்தக் கை ஒரு ரப்பர் சவ்வைத் துருத்திபோல அமுக்கி அமுக்கி விடுகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியை உள்ளங்கைக்குள் அடக்கியதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ‘உர்ர்’ சத்தம் இந்த அதிர்வின் சத்தம். பம்ப் ‘செத்துப்போச்சு’ என்று தூக்கிப் போடுவதில் பெரும்பாலும் செத்திருப்பது அந்த ரப்பர் சவ்வுதான். சவ்வு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

எவ்வளவு பெரிய பம்ப் வேண்டும்? கணக்குப் போட்டால் மனசு லேசாகிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 லிட்டர் வாளி முழுக்கச் சேர்த்தால் 150 மில்லிகிராம். வெளிக்காற்றில் ஒரு லிட்டருக்குள் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதாவது ஒரு சொம்புக்குள் அடங்கும் காற்றில், அந்த வாளித் தண்ணீர் மொத்தமும் சுமக்கக்கூடியதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் உண்டு. ஆனால் குமிழி ஓரடி ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அதிலுள்ள ஆக்சிஜனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் கரையும். மீதி மேலே வந்து உடைந்து போய்விடும். அப்படிப் போனாலும், நிமிடத்துக்கு 4 அல்லது 5 லிட்டர் காற்று ஊதும் பம்ப் 20 லிட்டர் வாளிக்குத் தாராளம். அதற்குமேல் வாங்கும் பணம் வீண் என்பேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குழாயோ, அதன் முனையில் குமிழிக்காக மாட்டும் கல்லோ (ஏர் ஸ்டோன்) இல்லாமல் எடுத்த அளவு. வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வாளித் தண்ணீருக்குள் தலைகீழாகப் பிடியுங்கள். பம்பின் குழாய் முனையைக் கல்லோடு வாளியின் அடியில் வைத்து, எழும் குமிழிகள் பாட்டில் வாய்க்குள் போகும்படி செய்யுங்கள். பாட்டிலிலிருந்த தண்ணீர் முழுக்க இறங்க 30 நொடி ஆனால், உங்கள் பம்ப் அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஊதுகிறது என்று பொருள். அத்தையின் பம்ப் பெட்டியில் 3 லிட்டர் என்று போட்டிருந்தது. நாங்கள் அளந்தபோது பாட்டில் காலியாக முக்கால் நிமிடத்துக்குமேல் ஆனது.

குற்றம் பம்பிடம் இல்லை, கல்லில் இருந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு ஏர் ஸ்டோனின் நுண்துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது. வினிகரில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவி மாட்டியதும் குமிழி பொடிப்பொடியாக வந்தது. பொடிக் குமிழியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே அளவு காற்றை 5 மில்லிமீட்டர் குமிழிகளாக விடுவதைவிட 1 மில்லிமீட்டர் குமிழிகளாக விட்டால் தண்ணீரைத் தொடும் பரப்பு ஐந்து மடங்கு. பொடிக் குமிழி மெதுவாகவும் எழும்பும். தண்ணீரைக் கலக்கிவிடுவதும் குமிழியின் வேலைதான். தேங்கிய நீர் நகர நகர, மேற்பரப்பிலிருந்தும் ஆக்சிஜன் உள்ளே இறங்குகிறது.

அடுத்து நான் கேட்டது, பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று. “ராத்திரி நிறுத்திடுவேன். உர்ருன்னு கத்தினா எங்க தூங்கறது?”

இந்த ஒரு பதிலுக்காகவே ‘சத்தம்’ என்பதைப் பம்ப் தேர்வில் முதல் வரிசையில் வைக்கிறேன். வேருக்கு இரவு விடுமுறை கிடையாது. இலை தூங்கினாலும் வேர் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளிச்சம் புகும் வாளியில் பாசி பிடித்திருந்தால் அதுவும் இரவில் ஆக்சிஜனைத் தின்னும். எவ்வளவு திறமையான பம்பாக இருந்தாலும் தூக்கத்தைக் கெடுத்தால் ஒருநாள் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கடையில் பெட்டியை மட்டும் பார்க்காமல், பிளக்கில் போட்டுக் காட்டச் சொல்லிக் காதால் கேட்டு வாங்க வேண்டும். பாதி சத்தம் பலகையின் அதிர்வு. பழைய துணியை நாலாக மடித்து அடியில் வைத்தாலோ, கயிற்றில் தொங்கவிட்டாலோ அடங்கிவிடும். மின்செலவுக்குப் பயப்பட வேண்டாம். 3 வாட் பம்ப் இரவுபகல் ஓடினாலும் மாதம் 2 யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பம்பாலும் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது, வெயில். 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7க்கு இறங்கிவிடும். அதே நேரம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேரின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பத்தின் நிலை. ஆயிரம் ரூபாய்க்குப் பதில் பத்தாயிரம் ரூபாய் பம்ப் வைத்தாலும் 7 என்ற அந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது. வேரை அழுகவைக்கும் பித்தியம் என்னும் நீர்ப்பூசணத்துக்கோ இந்த வெதுவெதுப்புத்தான் கொண்டாட்டம். அத்தையின் கறுப்பு வாளிக்குள் கைவிட்டபோது, குளிக்க விளாவி வைத்த தண்ணீர்போல இருந்தது.

ஆகவே பம்ப் கடைக்குப் போகும்முன் வாளியைக் குளிர வையுங்கள். நாங்கள் வாளியை மேற்குக் கைப்பிடிச் சுவரின் நிழலுக்கு நகர்த்தி, வெளியே வெள்ளையடித்து, ஈரச் சாக்கைச் சுற்றினோம். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம்தான்: சாக்கின் ஈரம் ஆவியாகும்போது வாளியின் சூட்டையும் கொண்டுபோகிறது.

மின்வெட்டுக்கும் வழி செய்தாக வேண்டும். புயல் நாட்களில் மின்சாரம் மணிக்கணக்கில் வராது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருந்தால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து அதற்குள் புகுந்துவிடும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் குழாயில் மாட்டினால் இரட்டைப் பாதுகாப்பு. தூண்டில்காரர்கள் வாங்கும் பேட்டரி பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாளியை விளிம்புவரை நிரப்பாமல் வேரின் மேல்பாதி காற்றில் தொங்கும்படி விடுங்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி இந்த இடைவெளியை மட்டுமே நம்பி, பம்பே இல்லாமல் வளர்க்கும் முறையை உருவாக்கினார். தண்ணீர் குறையக் குறைய, காற்றில் விடப்பட்ட வேர்கள் ஈரக்காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கப் பழகிக்கொள்கின்றன.

இந்தியாவுக்கு இந்த எளிமை புதிதல்ல. 1946இல் வங்காளத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லா வேளாண்மை ஆய்வைத் தொடங்கியபோது, விலையுயர்ந்த கருவிகளை எல்லாம் ஒதுக்கி, சாதாரணக் குடும்பங்கள் செய்யக்கூடிய முறையைத்தான் தேடினார். ‘வங்காள முறை’ என்று அவர் புத்தகம் அதைச் சொல்கிறது. இன்று விளம்பரங்களில் வரும் பெரிய பெரிய பம்புகளைப் பார்க்கும்போது அவர் நினைவு எனக்கு வருகிறது.

மூன்று வாரம் கழித்து அத்தை வீட்டுக்குப் போனேன். பம்ப் அதே பழைய பம்ப்தான். ஜன்னல் மேல்பலகையில், மடித்த துண்டின்மேல், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மூடியைத் தூக்கிக் காட்டினார். அழுகிய பழைய வேர்களைக் கத்தரித்த இடத்துக்கு மேலே, தண்டின் கணுவிலிருந்து, சுண்டுவிரல் நீளத்துக்குப் புது வேர்கள் இறங்கியிருந்தன. நல்ல வெள்ளை.