கொட்டியாரக் குடாவைத் தாண்டி வரும் அலை

கூரைமேல் நானா. வாசலில் தம்பி. உள்ளே டீவிக்கு முன்னால் உம்மா. “வந்துட்டா?” “இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்புங்க!” “இப்ப?” “நல்லா வந்திச்சு, இப்ப போயிட்டு!” டிஷ் வருவதற்கு முந்திய கிண்ணியாவில் அன்டெனா திருப்புவது வீடே கூடிச் செய்த வேலை. திரையில் எறும்பு மொய்ப்பது குறையக் குறைய, திசை சரியாகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

கிண்ணியாவுக்குப் படம் சும்மா வந்துவிடுவதில்லை. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் முதன்மைக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையில் நின்றது. அங்கிருந்து கிண்ணியா ஏறத்தாழ 170 கிலோமீற்றர். வடக்கே 2011இல் மீண்டும் எழுந்த 174 மீற்றர் உயரக் கோக்காவில் கோபுரம் சுமார் 120 கிலோமீற்றர். கிட்ட நிற்பது கோக்காவில்தான். அப்படியானால் அதன் அலைதான் நன்றாகக் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது.

தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடும், பூமியோ வளைந்தது. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை அடிவானத்தைத் தொடும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். கோக்காவிலுக்கு 54. கூரையில் 10 மீற்றர் கம்பம் நட்டால் இந்தப் பக்கம் இன்னும் 13 சேரும். மொத்தம் 67; கிண்ணியா அதற்கு வெகு அப்பால் கிடக்கிறது. 2,524 மீற்றர் உயரப் பீதுருதலாகலைக்கோ 207 கிலோமீற்றர் வரை எட்டும். ஆனால் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. ஒன்று கிட்ட இருந்தும் தாழ்ந்தது, மற்றது உயர்ந்தும் மறைபட்டது. இப்படிப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அருகிலேயே ஒரு பிராந்தியக் கோபுரம் வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். ‘கொழும்பில் தெளிவாக வருகிறது, இங்கே ஏன் வரவில்லை’ என்று டீவிப் பெட்டியைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிண்ணியாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். வடக்கே கொட்டியாரக் குடா, மேற்கே தம்பலகாமக் குடா, இரண்டையும் இணைக்கும் நீர்வாயின் மேல் 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் பாலம். இந்தத் தண்ணீர் தொலைக்காட்சி அலைக்கும் சில நாட்களில் உதவும்: சூடான உலர்காற்று ஈரமான கடற்காற்றின் மேல் போர்வைபோலப் படியும்போது இரண்டுக்கும் இடையே அலை சிக்கிக்கொண்டு, ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போய்விடும். கச்சான் காற்று தரைச் சூட்டைக் கடல்மேல் தள்ளும் நாட்கள் இதற்கு வாய்ப்பானவை. 1980களில் தூத்துக்குடிப் பக்கத்து மக்கள் ரூபவாஹினி பார்த்ததற்கும், யாழ்ப்பாணத்தார் உயரக் கம்பம் நட்டுத் தூர்தர்ஷன் பார்த்ததற்கும் கடல்வழி செய்த இந்த உதவியில் பெரும் பங்கு உண்டு.

அனலாக்கில் இது விருந்து. டிஜிட்டலில் இதே காற்று தொல்லையாகும். அதே அலைவரிசையில் இயங்கும் தொலைதூரக் கோபுரம் ஒன்று உள்ளே புகுந்தால், சொந்த ஊர்க் கோபுரத்தின் படம் உறைந்து நிற்கும். அப்போது அன்டெனாவைத் தொடக்கூடாது. வானிலை மாறினால் படம் தானே திரும்பும். அவசரப்பட்டுத் திருப்பியவர் மறுநாள் வேலை மெனக்கெட்டு மறுபடி திருப்ப வேண்டிவரும்.

இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையான ஐஎஸ்டிபி-டியைத் தேர்ந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது அதற்கான கடன் ஏற்பாடும் ஆயிற்று. பத்தாண்டு கடந்தும் அனலாக்கை முற்றாக நிறுத்தும் நாள் வந்துசேரவில்லை. ஜப்பான் தன் அனலாக் ஒளிபரப்பை 2011 ஜூலை 24இல் நிறுத்தியது. அந்த மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை தவணை கொடுத்தது.

டிஜிட்டலின் குணத்தை முதலில் விளங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அனலாக்கில் அலை தேயத் தேயப் படமும் தேயும். டிஜிட்டலில் அப்படியில்லை. அனுப்பும்போதே பிழைதிருத்தும் எண்களைச் சேர்த்து அனுப்புவதால், அலை ஓரளவு சிதைந்தாலும் பெட்டி கணக்குப் போட்டு முழுப் படத்தையும் மீட்டுவிடும். ஓர் எல்லை வரைதான் அது. எல்லை தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த கணம் கறுப்புத் திரை. நல்ல படத்துக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் நடுவே ஒரு மெல்லிய கோடுதான். ஆகவே திரையைப் பார்த்து அன்டெனா திருப்பும் பழைய வித்தை இங்கே செல்லாது. பெட்டியின் மெனுவில் காட்டும் இரண்டு அளவுகளைத்தான் பார்க்க வேண்டும்: ஒன்று அலையின் பலம், மற்றது தரம். தரமே முக்கியம். பலம் நிறைந்து தரம் குறைந்திருந்தால், வேண்டாத அலை ஏதோ கலக்கிறது என்று பொருள்.

பலர் முதலில் ஓடிப்போய் வாங்குவது பூஸ்டர். பெரும்பாலும் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். நல்ல அலையோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். கோபுரம் கிட்ட இருந்தாலோ, பக்கத்து வளவில் கைபேசிக் கோபுரம் நின்றாலோ பூஸ்டர் திக்குமுக்காடி இருந்த படத்தையும் கெடுக்கும். போடத்தான் வேண்டுமென்றால் அன்டெனாவுக்குப் பக்கத்தில், கம்பத்தில் போட வேண்டும். 20 மீற்றர் வயரில் இறங்கி வருவதற்குள் அலையில் ஏறத்தாழப் பாதி வீணாகிவிடும். வீணானதைக் கீழே டீவிக்குப் பின்னால் பெருக்கிப் பயனில்லை. ஒரே வயரை இரண்டு அறைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிகூடச் சேராது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது குச்சிகளின் நீளம். ரூபவாஹினிக்காக அந்தக் காலத்தில் வாங்கிய அன்டெனாவின் குச்சி ஒன்றரை முழத்துக்கு மேல் இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு பயன்படுத்தும் யூஎச்எஃப் என்ற குட்டை அலைக்கு ஒரு சாண் போதும். பழையதை வைத்துக்கொண்டு புதியதைப் பிடிக்க நினைப்பது அகன்ற கண்ணுள்ள வலையால் நெத்தலி பிடிக்க நினைப்பது போன்றது.

கடலோர ஊரில் உண்மையான எதிரி உப்பு. வாடைக்காற்றோடு வரும் உப்பீரம் அலுமினியத்தை அரிக்கும், இணைப்புத் திருகுகளில் பச்சைக் களிம்பு பூக்கும், தோல் வெடித்த வயருக்குள் மழைநீர் நுழைந்து மெல்ல இறங்கும். மாரியில் மட்டும் படம் போகிறது, வெயில் எறித்தால் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், வயருக்குள் தண்ணீர். வயரைத் துடைத்துக் காயவைப்பதில் காலத்தைக் கடத்தாமல் புதிதாக மாற்றிவிடுவதே மலிவு. வீட்டுக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு ஒரு வளைவு வைத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்புகளைச் சுற்றி ரப்பர் நாடா ஒட்டுவதும் உதவும்.

ஒரே கூரையில் ஒரு மூலையில் வராத படம் ஓரடி தள்ளினால் வருவதுண்டு. இதில் மாயம் ஒன்றுமில்லை. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், தகரக் கூரையிலோ தண்ணீர்த் தாங்கியிலோ பட்டுத் தெறித்து வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யூஎச்எஃப் அலையின் பாதி நீளம் சுமார் ஓரடிதான். அதனால்தான் ஓரடி நகர்த்தல் அவ்வளவு வேலை செய்கிறது. உயரம் கூட்டுவதற்கு முன் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வழி. கம்பத்தோடு கூரை ஏறுபவர்கள் மின்கம்பியிலிருந்து விலகியே நிற்க வேண்டும். இடி முழங்கும் நேரத்தில் ஏறவே கூடாது.

டிஷ் இருக்கும்போது இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அதற்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை காலை, போயா விடுமுறை. சுமாத்திராவில் நிலம் நடுங்கி, ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. கிண்ணியாவுக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஜப்பானிய ஒளிபரப்பில் 1985 முதல் அவசர எச்சரிக்கைச் சமிக்ஞை உண்டு. ஐஎஸ்டிபி-டியிலும் அது உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது: அந்த வசதியுள்ள பெட்டி காத்திருப்பு நிலையில் இருந்தாலும் சமிக்ஞை கிடைத்ததும் தானே விழித்து எச்சரிக்கும். ஓர் அலைவரிசையை 13 கூறுகளாகப் பிரித்து, அதில் ஒன்றைக் கையடக்கக் கருவிகளுக்கு ஒதுக்கவும் இந்த முறையில் இடமுண்டு. சந்தாப் பணமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் அலை வீட்டுக்குள் வந்துசேர்ந்தால்தான் பெட்டி விழிக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் ஊருக்கு அன்டெனாவின் நலம் பொழுதுபோக்கோடு நின்றுவிடும் காரியம் அல்ல.

ஆகவே கிண்ணியா வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூரையில் இருக்கும் கம்பத்தை விற்றுவிடாதீர்கள். புது டீவி வாங்கப் போகும்போது ‘டிஜிட்டல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவும் ஐரோப்பாவும் கைக்கொண்டது டிவிபி முறை. அதற்கு மட்டும் செய்த டீவி ஐஎஸ்டிபி-டி அலையைப் பிடிக்காது. எந்த முறையைப் பிடிக்கும், அவசர எச்சரிக்கை வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.