கோபம் எல்லோருக்கும் வரும்... அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறது?

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், குமுளி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் இடுக்கி மலை. நடுவில் முல்லைப்பெரியாறு பாயும் வயல்கள், திராட்சைப் பந்தல்கள், வாழை, தென்னை. விவசாயம் நடக்கும் எல்லா ஊர்களையும் போல இந்தப் பள்ளத்தாக்கிலும் தகராறுகள் உண்டு. வரப்புத் தகராறு, தண்ணீர் முறைத் தகராறு, பங்காளிச் சண்டை, கொடுக்கல் வாங்கல். அவற்றில் சில காவல் நிலையம் வரை போகும். ஒன்றிரண்டு வெட்டு குத்திலும் முடியும்.

அப்படியொரு செய்தி வந்தால், நம்மூரில் முதலில் காதில் விழும் வார்த்தை 'அருவா'. 'துப்பாக்கி' என்ற வார்த்தை அபூர்வம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

துப்பாக்கி குறைந்தால் கொலை குறையுமா?

2016-ம் ஆண்டு இறுதியில் இந்தியா முழுக்க சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.8 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால், உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம். தமிழ்நாட்டில் 3,200 பேருக்கு ஒன்று.

அப்படியென்றால் இங்கே கொலையும் மிகக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. பதிவான கொலை வழக்குகள், லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் சுமார் 2.2. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 1.5. நாடு முழுக்க அந்த ஆண்டில் பதிவான கொலைகள் 28,522.

துப்பாக்கி இல்லாத ஊரிலும் கொலை நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. சாதி, நிலம், குடி, முன்விரோதம், குடும்பத் தகராறு எனக் கொலைக்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கர்நாடகத்தின் குடகு மாவட்டம் இன்னொரு உதாரணம். அங்கே கொடவர் சமூகத்தினருக்கு, குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ள சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 'கைல் முகூர்த்தம்' விழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை செய்கிறார்கள். துப்பாக்கி நிறைய இருக்கிறது என்பதற்காக ஓர் ஊர் கொலைக்களமாகிவிடுவதில்லை.

அப்படியானால் துப்பாக்கிக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அது கோபத்தை உண்டாக்குவதில்லை. வந்த கோபம் எங்கே போய் முடியும் என்பதை மாற்றுகிறது.

ஐந்து மடங்கு

இதைக் கணக்குப்போட்டுச் சொன்னவர் ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர். சிகாகோ நகரக் காவல்துறையின் பதிவேடுகளை எடுத்து, கத்தியால் நடந்த தாக்குதல்களையும் துப்பாக்கியால் நடந்த தாக்குதல்களையும் ஒப்பிட்டார். 1968-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, துப்பாக்கித் தாக்குதல்கள் சாவில் முடியும் வாய்ப்பு கத்தித் தாக்குதல்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

'கொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தவன் எதை எடுத்தாலும் கொல்வான்' என்பது நம்மூர் டீக்கடையிலும் கேட்கும் வாதம். திட்டமிட்ட கொலைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஜிம்ரிங் பார்த்த கொலைகளில் பல, வாய்த்தகராறில் ஆரம்பித்து அந்த நேரத்து ஆத்திரத்தில் நடந்தவை. அடித்தவருக்கே 'கொல்ல வேண்டும்' என்ற தெளிவான முடிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. அங்கே உயிர் பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் ஆயுதத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

நடைமுறையில் யோசித்தால் இது புரியும். அருவாளோடு வருபவர் பக்கத்தில் வந்தாக வேண்டும். எதிராளி ஓடலாம். நடுவில் நாலு பேர் விழுந்து கையைப் பிடிக்கலாம். 'விடுறா, விடுறா' என்று இழுத்துக்கொண்டு போகலாம். துப்பாக்கிக்கு இந்த இடைவெளி கிடையாது. தூரத்தில் நின்று, ஒரு விரலை அசைத்தால் போதும். காயமும் உள்ளுக்குள் போய்விடும். அனுமந்தன்பட்டியிலிருந்து க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைத் தாக்குப்பிடிக்கும் காயமா என்பதுதான் பல நேரங்களில் கேள்வி.

தமிழ்நாடே பதறிய ஒரு சம்பவம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1967 ஜனவரி 12, சென்னை ராமாவரம் தோட்டம். பேசப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு. எம்.ஆர்.ராதாவுக்கும் குண்டுக் காயம். நீதிமன்றம் ராதாவுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனாலும் எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை பழையபடி திரும்பவில்லை. சில நொடிகளில் நடந்ததன் விலை அது.

காட்டோரத்தில் இருக்கும் கள்ளத் துப்பாக்கி

தேனி மாவட்டத்தில் துப்பாக்கி என்றால் ஊருக்குள் நடக்கும் தகராறைவிடக் காட்டோரத்தைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மேகமலைப் பகுதி, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி. அங்கே வேட்டை கூடவே கூடாது. ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவார மாவட்டங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

நாட்டுத் துப்பாக்கியில் குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். வெடிக்கும்போது குழாய்க்குள் உண்டாகும் அழுத்தத்தைத் தாங்கும் இரும்புதானா என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மருந்து கொஞ்சம் கூடினால் குழாயே பிளந்து, சுட்டவர் கையையும் கண்ணையும் பறித்துவிடும். ஒழுங்காக வெடித்தாலும் குண்டுகள் சிதறிப் பாயும். குறிவைத்த இடத்தில் மட்டும் படும் என்ற உத்தரவாதம் இல்லை.

இருட்டில் புதர் அசைகிறது. பன்றி என்று நினைத்துச் சுடுகிறார்கள். அங்கே இருந்தது கூட வந்த மாமனோ மச்சானோ என்பது பிறகுதான் தெரிகிறது. தமிழ்நாட்டின் மலைக்கிராமங்களில் இப்படி நடந்த சாவுகள் உண்டு. பகையே இல்லாத இடத்தில் ஒரு சாவு, ஒரு கைது, நடுத்தெருவில் நிற்கும் இரண்டு குடும்பங்கள். அதற்கு மேல், பயத்தில் உடலை மறைக்கப் பார்த்து இன்னும் பெரிய வழக்கில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இருட்டு ஒன்றுதான். 2023 அக்டோபர் இறுதியில், அனுமந்தன்பட்டிக்குத் தெற்கே கூடலூர் அருகே வண்ணாத்திப்பாறை வனப்பகுதியில், வனத்துறையினர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். தற்காப்புக்காகச் சுட்டதாக வனத்துறை சொன்னது. உறவினர்கள் அதை ஏற்காமல் நியாயம் கேட்டுப் போராடினார்கள். எந்தத் தரப்பு சரி என்பது விசாரணையின் விஷயம். வெடித்த குண்டை மட்டும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

விவசாயியின் பக்கம்

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் வைத்திருக்கிறார்கள்? கடன் வாங்கிப் போட்ட வாழையையும் மக்காச்சோளத்தையும் ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிட்டால், அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷம் போச்சு. கொட்டகை போட்டு ராக்காவல் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். துப்பாக்கி மட்டுமல்ல, திருட்டு மின்வேலி, அவுட்டுக்காய் என்று ஆபத்தான வழிகளுக்கு ஆட்கள் போவதன் பின்னால் இந்த வயிற்றெரிச்சல் இருக்கிறது.

இதற்கு அரசு சொன்ன வழி 2025 ஜனவரியில் வந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை ஒரு மண்டலம், 1 முதல் 3 கி.மீ. வரை இன்னொன்று, 3 கி.மீ.க்கு அப்பால் மூன்றாவது. முதல் மண்டலத்தில் பன்றியைச் சுடக் கூடாது. நடு மண்டலத்தில் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் தொல்லை தந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடுவதற்கு இதில் இடமில்லை. ஒரே ஊரில் மலையடிவாரத் தோட்டமும் சாலையோர வயலும் வேறு வேறு மண்டலத்தில் வரலாம் என்பதால், தன் நிலம் எதில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வேறு முறை. 2022 முதல், விளைநிலத்துக்குள் வரும் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி தரலாம். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடலாம். எந்த முறை சரி என்று வாதிடலாம். யார் சுட்டார், எந்தத் துப்பாக்கி, யார் அனுமதி என்பதற்கு இரண்டிலும் பதிவு இருக்கிறது. கள்ளத் துப்பாக்கிக்கு அந்தப் பதிவு கிடையாது. அதன் குழாய் வழவழப்பானது என்பதால், மறைதிருகு உள்ள துப்பாக்கிகளைப் போலக் குண்டில் அடையாளக் கோடுகளும் விழாது. எந்தத் துப்பாக்கி சுட்டது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ம் ஆண்டைச் சேர்ந்தது. 2019-ல் அது கடுமையாக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அனுமதியின்றித் தயாரித்தாலோ விற்றாலோ 7 ஆண்டிலிருந்து ஆயுள் தண்டனை வரை. உரிமம் உள்ளவரும் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாணம், திருவிழாக் கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடினால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வழக்கு.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், சுமார் 54 சதவிகிதம், கொலைகள் அல்ல, தற்கொலைகள். திருடனுக்குப் பயந்து வாங்கி வைத்த துப்பாக்கி, வீட்டில் மனம் உடைந்திருந்த ஒருவரின் கைக்குப் போய்விடுகிறது.

இந்தப் பாடத்தை வேறொரு நாடும் கற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது. மக்களின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கஷ்டமான அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டிய பொருளின் கொடூரம் குறைந்தது. தோட்டத்து வீடுகளில் மருந்து டப்பாவைப் பூட்டி வைப்பதும், துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

என்ன செய்யலாம்?

உரிமத் துப்பாக்கி இருக்கும் வீடு என்றால், துப்பாக்கி தனியாக, தோட்டா தனியாக, இரண்டும் பூட்டுக்குள் இருக்கட்டும். சாவி எங்கே என்பது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டில் யாராவது குடியில், கடனில், மனச்சோர்வில் இருந்தால், அதைக் கொஞ்ச நாள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது ஏற்கெனவே பழகிய வேலைதான்.

உரிமம் வைத்திருந்த தாத்தாவோ அப்பாவோ இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி பரணில் கிடக்கக் கூடாது. தாமதிக்காமல் ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயரில் உரிமம் வேண்டுமா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால், மலைக்கிராமங்கள் உள்ள மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது கெடு அறிவித்து, தாமாக ஒப்படைப்பவர்கள் மீது வழக்கு இல்லை என்று சொல்கிறது. அந்த அறிவிப்பு வரும்போது தயங்காமல், ஊர்ப் பெரியவர்கள் மூலமாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ கொடுத்துவிடுவது நல்லது.

மனசு தாங்காத நேரத்தில் பேச, 104 என்ற எண்ணும், டெலி மானஸின் 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. அழைக்கக் கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.